கழுத்து அட்டையைப் பக்கெட்டில் போடுங்கள்

1

திருநெல்வேலிக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள். "ஹைதராபாத்லாம் ஒரு வெளியூரா? ரயில்ல ஏறினா மறுநாள் வந்து சேந்துரலாம்லா?" கடல் தாண்டிப் போனவர்களுக்குத்தான் புலம்பெயர்ந்தவர் என்ற பட்டம். எங்களைப் போன்றவர்கள் ஏதோ பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனவர்கள். நானும் சிரித்துக்கொண்டே காபியை வாங்கிக்கொள்வேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

அங்கே மெட்டுகுடாவில் என் கணவரின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். தள்ளுவண்டிக் காய்க்காரர் என் தெலுங்கைக் கேட்டதும் இந்திக்கு மாறிவிடுவார். என் இந்தியைக் கேட்டபின் விரலைக் காட்டி விலை சொல்வார். மகள் மீரா பொறியியல் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், கோபம் வந்துவிட்டால் இந்தியில் வரும். எனக்குப் புரியக்கூடாத விஷயமென்றால் ஆங்கிலத்தில், அதுவும் வேகமாக. நான் உப்பலில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறவள். என் ஆங்கிலம் அவ்வளவு மோசமில்லை என்பதை அவள் அடிக்கடி மறந்துவிடுகிறாள்.

இந்த ஊரில் நான் யாரிடமும் என்னை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாத இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் சனிக்கிழமைகளில் எங்கள் கணினிப் பயனர் குழு கூடும் இடம். அந்தக் குழுவுக்குச் சமீபத்தில் பத்து வயது நிறைந்தது. விழாவில் ஏதோ தகராறு என்று ஊர்வரை செய்தி போயிருக்கிறது. அக்கா போன் செய்து, "ஓசிக்குப் பாக்குத வேலைக்கு எதுக்குடி இவ்ளோ வம்பு?" என்று கேட்டாள். அவளுக்குப் பொறுமையாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சம்பளம் இல்லை, பதவி இல்லை, பதிவு எண்கூட இல்லை. பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, ஓட்டச் சொல்லிக்கொடுப்போம். ஓய்வுபெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், மாதாப்பூர் ஐடி ஆட்கள் எல்லாரும் வருவார்கள். கடைசி ஒரு மணி நேரம் யாராவது எழுந்து தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். எதை வாங்கினேன், எது வேலை செய்தது, எது காலை வாரியது என்று. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பலர் வருவார்கள். வேறெங்கே போனாலும் விற்கிறவன் பேசுவான், அங்கே மட்டும் வாங்கினவன் பேசுவான்.

இதைத் தொடங்கியவர்கள் நானும் செந்திலும். செந்தில் ஈரோட்டுக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். மீரா பள்ளியில் படித்தபோது அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். எங்கள் வீட்டுக் குழம்பில் புளி தூக்கல் என்று என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள்.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. இந்த ஊரில் ஐடி வேலை பார்ப்பவர்கள் கழுத்து அட்டையைக் கழற்றவே மாட்டார்கள், சனிக்கிழமை காய் வாங்கப் போனாலும் அது தொங்கும். பெரிய கம்பெனி அட்டையோடு ஒருவர் வந்தால் போதும், இளைஞர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு பயோடேட்டாவை நீட்டுவார்கள். அவர் எதைச் சொன்னாலும் அதுதான் சரி. மூலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கணினியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒருநாள் செந்தில் பேசாமல் எழுந்து போனான். நாங்கள் கூடும் மண்டபத்துக் குளியலறையிலிருந்த நீல பிளாஸ்டிக் பக்கெட்டைக் கழுவி எடுத்துவந்து வாசலில் வைத்தான். தன் அட்டையைக் கழற்றி அதில் போட்டான். "எல்லாரும் போடுங். போறப்ப எடுத்துக்கலாம். உள்ள வந்தா பேரு மட்டும் போதும்" என்றான். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஒரே சட்டம். முதல் அட்டை எப்போதும் அவனுடையது. அவன் போட்டபின் மற்றவர்கள் போடுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை, பக்கெட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

3

பத்தாம் ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் மண்டபம் கையைவிட்டுப் போனது. கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கிறோம் என்று பூட்டிவிட்டார்கள். வேறு மண்டபம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். அங்கிருந்தவர் என் விண்ணப்பத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த கம்பெனி மேடம்?" என்றார். எந்த கம்பெனியும் இல்லை என்றேன். "அப்போ சங்கமா? டிரஸ்ட்டா?" அதுவும் இல்லை. "பின்னே யாருக்கு நான் கொடுக்கிறது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று இருக்க முடியும் என்பதை அவருக்குப் புரியவைக்க என் தெலுங்கு போதவில்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்குமா என்று தெரியாது.

அப்போதுதான் செந்தில் வந்தான்.

"ஒரு வழி இருக்குதுங்க்கா. எங்க கம்பெனில மொத மாடில பெரிய ஹால் ஒண்ணு சனிக்கெழம சும்மாத்தான் கெடக்குது. மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். ஹால் தர்றாங்க, சாப்பாடு தர்றாங்க, டீ சர்ட் தர்றாங்க."

"பதிலுக்கு என்ன கேக்காங்க?"

"பேனர்ல அவங்க பேரு. காலைல ஒரு சின்னப் பேச்சு. அவ்ளோதானுங்க்கா."

"நாம எவன் பேரையும் போட்டதில்லையே செந்தில்."

"இப்ப எடமே இல்லீங்களே. தெருவுல நின்னு நடுநிலைன்னு சொல்லிட்டிருக்கறதா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பேனரில் பேர் இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் தோன்றியது. ஆண்டு விழாவை நடத்தாமல் விட்டால் குழு அப்படியே கலைந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. சரி என்றேன்.

4

ஆண்டு விழாப் பேச்சுகளில் ஒன்று கிரேஸ் டீச்சருடையது. கிரேஸ் டீச்சரின் அப்பா ரயில்வே கார்டாக இருந்தவர். டீச்சர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்டுகுடாவில். உப்பலில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். அவருடைய தமிழில் பாதி உருது கலந்திருக்கும், கேட்க நன்றாக இருக்கும்.

அவர் பள்ளியில் மாணவர்களின் மதிப்பெண், வருகை எல்லாவற்றையும் ஓர் இணையச் சேவையில் ஏற்றிவைத்திருந்தார்கள். இலவசம் என்று கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புக்கு அக மதிப்பெண் அனுப்பவேண்டிய நேரத்தில், இலவசம் முடிந்தது, பணம் கட்டினால்தான் திறக்கும் என்று பூட்டிவிட்டார்கள். சொந்தப் பள்ளியின் விவரத்தை வெளியே எடுக்க வழியில்லை. டீச்சர் பழைய விடைத்தாள்களைத் தேடிப்பிடித்து மறுபடி எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார். எங்கள் ஆட்கள் போய்க் கட்டற்ற மென்பொருளில் அதை அமைத்துக் கொடுத்தார்கள். இந்தக் கதையைத்தான் அவர் சொல்வதாக இருந்தது.

அந்தச் சேவையை விற்றது செந்தில் வேலை பார்க்கும் நிறுவனம்.

நிகழ்ச்சி நிரல் போன மறுநாளே செந்தில் போன் செய்தான்.

"அக்கா, டீச்சர் பேச்ச மட்டும் வேற மாசத்துக்கு மாத்திக்கலாங்களா?"

"யாரு சொன்னா?"

"மேனேஜர் பாத்துட்டாரு. வேண்டாம்னு சொல்லலீங்க்கா. இந்த எடத்துல நல்லாருக்காதுங்கறாரு."

"எந்த எடத்துல நல்லாருக்கும்? அந்த எடத்தக் காட்டச் சொல்லு, அங்க வச்சுக்கிடுதோம்."

"கோவிச்சுக்காதீங்க்கா. நான் சொல்லித்தான் ஹால் குடுத்தாங்க. நாளைக்கு அவரு மொகத்துல நான்தான முழிக்கோணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எதிர்முனையில் இருப்பவன் செந்தில். அவனுக்கு வேலையில் என்ன நெருக்கடி என்று எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டான். கடைசியில், டீச்சர் பேச்சு இருக்கும், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாக, நேரம் இருந்தால் என்று ஒத்துக்கொண்டேன். போனை வைத்தபிறகுதான் 'நேரம் இருந்தால்' என்ற அந்த இரண்டு சொற்கள் உறுத்த ஆரம்பித்தன.

டீச்சரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கைக்கு, எதுக்கு பயப்படுறாங்க மேடம்? நான் பொய்யா சொல்லப்போறேன்?" என்றார். பிறகு, "என்னால ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டை வேணாம், நக்கோ. வேணாம்னா நான் பேசல" என்றார்.

"நீங்க பேசுதீங்க டீச்சர்" என்றேன்.

5

இரவு சாப்பாட்டின்போது மீராவிடம் புலம்பினேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அம்மா, ப்ளீஸ் யா. எல்லா க்ரூப்புக்கும் ஸ்பான்ஸர் இருக்காங்க. எங்க காலேஜ் ஃபெஸ்ட்ல மேடைக்கே கம்பெனி பேருதான். இதுல ஏமுந்தி, என்ன இருக்கு?"

"காலேஜ் ஃபெஸ்ட்ல பாட்டுப் பாடுதீங்க. இங்க ஒருத்தங்க அனுபவத்தச் சொல்லுதாங்க."

"ஒரு டாக் போனா என்ன ஆயிடும்? அடுத்த மாசம் சொல்லட்டும். செந்தில் மாமா பாவம்."

அவள் தமிழில் முழுசாக ஒரு வாக்கியம் சொல்லி நாளாயிருந்தது. அதுவும் எனக்கு எதிராகத்தானா என்று இருந்தது. இந்தப் பேச்சு போனால் அடுத்த பேச்சை யாரும் வந்து தடுக்க வேண்டியிருக்காது, பேசுகிறவர்களே முன்கூட்டி யோசித்து வாயை மூடிக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ரசம் ஊத்தவா என்றுதான் கேட்டேன்.

6

சனிக்கிழமை காலை, சாமான் தூக்க மீராவையும் கூட்டிக்கொண்டு, மாதாப்பூர் போனோம். கண்ணாடிக் கட்டடம். கேட்டிலேயே காவலர்கள் ஒவ்வொருவருக்கும் பார்வையாளர் அட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். பச்சை நாடா, அதில் நிறுவனத்தின் பெயர். உள்ளே இருக்கும்வரை கழற்றக் கூடாது என்றார்கள். எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் மாடிக்குப் போய்ச் சாமான்களை இறக்கினேன். மின்சார நீட்டிப்பு ஒயர்களை நாங்கள் எப்போதும் அந்த நீல பக்கெட்டில்தான் சுருட்டி எடுத்துப்போவோம். ஒயர்களை வெளியே எடுத்தேன். காலி பக்கெட்டை வாசல் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். பழக்கம்தான். வேண்டுமென்று வைத்ததாகப் பிறகு பேசினார்கள். நான் அவ்வளவு யோசிக்கிறவள் இல்லை.

பக்கெட்டைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? முதலில் வந்தவர் பச்சை நாடாவைக் கழற்றி அதில் போட்டார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. யாரும் யாருக்கும் சாடை காட்டவில்லை. அரட்டை அடித்துக்கொண்டே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் மேடைக்கு வந்தபோது அவர் எதிரே கழுத்தில் அட்டையோடு இருந்தவர்கள் அவருடைய ஆட்கள் மட்டும்தான். செந்திலும் அதில் ஒருவன். பக்கெட் வந்தபிறகு எங்கள் கூட்டத்தில் அவன் அட்டையோடு உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

காவலர் ஒருவர் ஓடிவந்து மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் வாசலுக்குப் போய்ப் பக்கெட்டைப் பார்த்தார். பச்சை நாடாக்கள் விளிம்புவரை நிறைந்திருந்தன. அவர் முகம் சிவந்துவிட்டது. செந்திலைக் கூப்பிட்டு மெதுவான குரலில், இது என்ன, போராட்டமா என்று கேட்டார். செந்தில் ஏதோ விளக்கினான். பத்து வருடப் பழக்கத்தை அரை நிமிடத்தில் எப்படி விளக்குவது? அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உதவி கேட்கிறானா, நீங்கள் செய்த வேலையா என்று கேட்கிறானா, எனக்கு விளங்கவில்லை.

நிறுவனத்தின் 'சின்னப் பேச்சு' ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவர் முடித்ததும் இன்னொருவர் வந்தார். திரையில் படங்கள் மாறிக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்களின் இரண்டு பேச்சுகளை அவசரமாக முடிக்கச் சொன்னார்கள். கிரேஸ் டீச்சர் மூன்றாம் வரிசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் மேனேஜரே மைக்கை வாங்கி, நேரமாகிவிட்டது, எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்று புன்னகையோடு சொன்னார். கதவைத் திறந்தார்கள். பிரியாணி வாசனை வந்தது. டீச்சர் பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து மடிக்கணினியை மூடினார்.

அந்த மூடும் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அதனால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தமிழில்தான் வந்தது. "இன்னும் ஒரு பேச்சு பாக்கி இருக்கு. கேக்கணும்னு நெனைக்கிறவங்க கேட்டுக்கு வெளிய வாங்க." பிறகு என் உடைந்த தெலுங்கில் அதையே சொன்னேன். என் தெலுங்கைக் கேட்டு அன்று யாரும் வேறு மொழிக்கு மாறவில்லை.

7

எல்லாரும் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப்பேர் பிரியாணி வரிசையில் நின்றுவிட்டார்கள். மிச்சப் பாதி கீழே இறங்கியது. கேட்டில் காவலர் வழிமறித்தார். பார்வையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அட்டைகள் மேலே பக்கெட்டில் இருந்தன. யார் போய் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்தில் படியிறங்கி வந்தான். கையில் நீல பக்கெட். யாரையும் பார்க்கவில்லை. காவலரின் மேசைமேல் அதைக் கவிழ்த்து, நாடாக்களையெல்லாம் கொட்டினான். காலி பக்கெட்டோடு கேட்டைத் தாண்டி நடைபாதைக்குப் போனான். அங்கே அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"ஏறி நில்லுங்க டீச்சர். பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியோணும்."

"ஒடைஞ்சிரும் செந்தில். நான் என்ன சின்னப் புள்ளையா?"

"நான் புடிச்சுக்கறனுங்க. ஏறுங்க."

டீச்சர் ஏறினார். செந்தில் கீழே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் கழுத்து அட்டை நடைபாதையில் உரசிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்திருக்கும்.

"ரெடியா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஹவ், ரெடி" என்று தலையாட்டினார்.

ஆட்டோக்களின் ஹாரனுக்கு நடுவே, நிறுத்தி நிறுத்தி, நடந்ததை நடந்தபடி சொன்னார். கோபப்படவில்லை, யாரையும் திட்டவில்லை. பூட்டிய நாளன்று பிள்ளைகள் வந்து "எங்க மார்க் எங்க மிஸ்?" என்று கேட்டதைச் சொன்னபோது மட்டும் குரல் உடைந்தது. ஒரு தனியார் பள்ளி முதல்வர் தங்கள் பள்ளியிலும் அதே சேவைதான் என்றார், எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டார். கேள்விகள் வர ஆரம்பித்தன. கூட்டத்தின் ஓரத்தில் மீராவைப் பார்த்தேன். நிறுவனத்தின் டீ சர்ட்டைப் போட்டுக்கொண்டு, கையில் பிரியாணித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டீச்சர் இறங்கும்போது பக்கெட்டின் அடியில் விரிசல் விழுந்துவிட்டது. செந்தில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான். "நான் மேல போறனுங்க்கா" என்றான். அவ்வளவுதான் பேசினான். அவன் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

8

அதன்பின் அவனிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. செய்தால் என்ன கேட்பது? அக்கா போன் செய்து எதுக்குடி வம்பு என்று கேட்டது அந்த நாட்களில்தான். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அந்தப் பதிலுக்கு விலை கொடுப்பவள் நான் இல்லையே.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை கிரேஸ் டீச்சரின் பள்ளியில் கூடினோம். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள், எங்கள் முழங்கால்கள் இடித்தன. மீராவும் வந்திருந்தாள், யாரும் கூப்பிடாமல். பக்கெட் இல்லாததால் வாசலில் எல்லாரும் தயங்கி நின்றார்கள். கழுத்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தேடினார்கள்.

அப்போது செந்தில் வந்தான். கையில் புது பக்கெட், இதுவும் நீலம்தான். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு வாசலில் வைத்தான். வழக்கம்போல அவன் முதலில் போடுவான் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவன் கழுத்தில் ஒன்றும் இல்லை.

"எப்ப?" என்றேன்.

"போன வாரம் திருப்பிக் குடுத்தாச்சுங்க்கா."

"செந்தில்..."

"அதப் பொறகு பேசலாங்க்கா. மொதல்ல நீங்க போடுங்க. பக்கெட் காலியா இருந்தா புதுசா வர்றவங்களுக்கு வெளங்காது."

என் ஆய்வுக்கூட அட்டையைக் கழற்றினேன். தலைமுடியில் மாட்டிக்கொண்டது. மீரா வந்து எடுத்துவிட்டாள். நான் போட்டேன். காலி பக்கெட்டில் அது விழுந்த சத்தம் வகுப்பறை முழுக்கக் கேட்டது. மீரா தன் கல்லூரி அட்டையைப் போட்டுவிட்டு அவனிடம் தமிழில் சொன்னாள்:

"உள்ள வாங்க மாமா."